டைப் ஹின்ட் போட்டா பைதான் பறக்குமா?

போன செமஸ்டர் ப்ராஜெக்ட் ரிவ்யூ. ஹாஸ்டல் மின் மீட்டர்களிலிருந்து நிமிடத்துக்கு ஒரு ரீடிங் என்று சேர்த்து வைத்திருந்தோம். எந்த பிளாக்கில் எப்போது லோடு ஏறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கோடு முழுக்க பைதான். ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால், காலையில் மெஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் ரிசல்ட் வந்திருக்கும். ரிவ்யூவில் இருந்தவர் ஸ்லைடை ஒரு பார்வை பார்த்தார். "பைதான்ல பண்ணா இப்படித்தான்ப்பா இருக்கும். சி++-க்கு மாத்திட்டு வாங்க" என்றார். நாங்களும் "ஓகே சார்" என்று வெளியே வந்துவிட்டோம்.

டீமில் ஒருத்தனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "சி++ ஏன் மச்சான் வேகமா இருக்கு? அதுல ஒவ்வொரு வேரியபிளுக்கும் டைப் எழுதுறோம். பைதான்லயும்தான் இப்ப டைப் ஹின்ட் இருக்கே, அதைப் போட்டுட்டா?" லாஜிக் சரியாத்தான் தெரிந்தது. ரெண்டு ராத்திரி கண் முழித்து, இருந்த எல்லா ஃபங்ஷனுக்கும் டைப் ஹின்ட் போட்டான். மூன்றாவது ராத்திரி ஓட்டினோம். பழையபடி காலை டிபன் நேரத்துக்குத்தான் முடிந்தது.

அந்த ரெண்டு ராத்திரி வீணானதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் ரிவ்யூவில் சொன்னவரும் பாதி சரி, என் நண்பனும் பாதி சரி. அந்த மீதிப் பாதியை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைப்பை நீங்கள் எழுதுவதால் புரோகிராம் வேகமாவதில்லை. அது என்ன டைப் என்பது மெஷினுக்குத் தெரிந்திருந்தால்தான் வேகம். சி++ 11-லிருந்து நாம் எல்லாரும் 'ஆட்டோ' என்று எழுதிவிட்டுப் போகிறோமே, எங்காவது வேகம் குறைந்ததா? வலது பக்கத்தைப் பார்த்து கம்பைலரே டைப்பைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. இதற்குப் பெயர்தான் டைப் இன்ஃபரன்ஸ். தமிழில் வகை உய்த்துணர்தல் என்று சொல்லலாம். புகையைப் பார்த்து நெருப்பு இருக்கு என்று சொல்கிற அதே அனுமானம்தான். இதே வேலையை பைதான், ஜாவாஸ்கிரிப்ட் மாதிரி டைனமிக் லாங்குவேஜில் ஏன் செய்ய முடியவில்லை, செய்ய முடிந்த இடத்தில் எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் சுவாரசியமான கதை.

முதலில் ஒரு கூட்டல். மொத்தம் = விலை + வரி. (பைதான் 3-ல் இப்படித் தமிழிலேயே வேரியபிள் பெயர் வைக்கலாம், ஓடும். லேப் எக்ஸாமில் வேண்டாம்.) சி-யில் ரெண்டும் இன்ட் என்று சொல்லியிருந்தால் இது ப்ராசஸருக்கு ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷன். பைதானில் 'விலை' என்பது ஒரு எண் இல்லை, ஒரு பெட்டி எங்கே இருக்கிறது என்கிற முகவரி. 64 பிட் மெஷினில் வெறும் 1 என்ற எண்ணுக்கான பெட்டியே 28 பைட். இன்டர்பிரெட்டர் அந்த முகவரிக்குப் போகணும். பெட்டியின் மேல் என்ன டைப் என்று எழுதியிருக்கு என்று பார்க்கணும். அந்த டைப்புக்குக் கூட்டல் என்றால் என்ன என்று தேடணும். அடுத்த பெட்டி இதோடு ஒத்துப்போகுமா என்று பார்க்கணும். ரெண்டையும் பிரித்து, கூட்டி, விடைக்குப் புதுப் பெட்டி செய்து, அதை யார் யார் பிடித்திருக்கிறார்கள் என்று கணக்கு வைக்கணும். இவ்வளவில் கூட்டல் என்பது ஒரு துளி. மீதியெல்லாம் விசாரணை.

இந்த விசாரணை ஒரு தடவை நடந்தால் பரவாயில்லை. லூப்புக்குள் 10 லட்சம் தடவை அதே வரி ஓடினால், 10 லட்சம் தடவையும் அதே கேள்வி, அதே பதில். "நீங்க இன்ட்டா?" "ஆமா." "நீங்க இன்ட்டா?" "ஆமாங்க." பதில் முன்கூட்டியே தெரிந்திருந்தால் கேள்வியே வேண்டாம்.

அப்போ கோடை ஓட்டுவதற்கு முன்னாடியே படித்துப் பார்த்து, டைப்பை அனுமானித்துவிட்டால்? எம்எல் என்ற லாங்குவேஜில் இதைச் செய்துவிட்டார்கள். ரோஜர் ஹிண்ட்லி 1969-லும் ராபின் மில்னர் 1978-லும் எழுதிய வேலைகள்தான் அதற்கு அடிப்படை. ஒரு டைப்கூட எழுதாமல் புரோகிராம் எழுதலாம், கம்பைலர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும். டிராகன் புக்கின் இரண்டாம் பதிப்பில் 6-வது அத்தியாயத்தில் இது வருகிறது. "இம்பார்ட்டன்ட் இல்லடா, 2 மார்க்தான்" என்று நாம் தாண்டிப் போகிற பக்கங்கள் அவை. ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். எம்எல் லாங்குவேஜையே அனுமானம் செய்ய வசதியாகத்தான் வடிவமைத்தார்கள். அனுமானிக்க முடியாத புரோகிராமை கம்பைலர் ஏற்றுக்கொள்ளவே ஏற்காது. அங்கே அனுமானம் என்பது ஒரு நிரூபணம்.

பைதான் யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. அதுதான் அதன் அழகு, அதுதான் பிரச்சினையும். உங்கள் ஃபங்ஷன் இன்னொரு மாட்யூலில் இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது என்று வையுங்கள். அது எப்போதும் எண்ணைத்தான் திருப்பித் தரும் என்று கோடைப் படித்துச் சொல்ல முடியுமா? முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே யாராவது அந்த மாட்யூலுக்குள் புகுந்து, அதே பெயரில் வேறு ஃபங்ஷனை வைத்துவிட்டுப் போகலாம். டெஸ்ட் எழுதும்போது நாமே 'மாக்' என்ற பெயரில் அதைத்தான் செய்கிறோம். ஆக, உறுதியாகச் சொல்லக்கூடியது ஃபங்ஷனுக்குள்ளேயே பிறந்து அங்கேயே சாகும் லோக்கல் வேரியபிள்களைப் பற்றி மட்டும்தான்.

இதை ஒருத்தர் முயன்றே பார்த்திருக்கிறார். பைதான் கோர் டெவலப்பரான பிரெட் கேனன், 2005-ல் கலிபோர்னியா பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் எழுதிய முதுகலை ஆய்வேடு இதைப் பற்றியதுதான். லாங்குவேஜின் நடத்தையைக் கொஞ்சமும் மாற்றக்கூடாது, ஆனால் லோக்கல் வேரியபிள்களின் அடிப்படை டைப்களை கம்பைலரே கண்டுபிடிக்கணும், அதை வைத்து வேகம் கூட்டணும். செய்து முடித்து அளந்து பார்த்தால், பட்ட பாட்டுக்கு ஏற்ற பலன் இல்லை. அதை மறைக்காமல் அப்படியே எழுதினார். நாம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் "ரிசல்ட் வரவில்லை" என்று எழுதப் பயந்து கிராஃபை இழுத்து நீட்டுகிறோமே, அவர்களுக்காக இந்த ஆய்வேட்டைச் சொல்லி வைக்கிறேன்.

பலன் வராததில் ஆச்சரியமும் இல்லை. ஒரு வேரியபிள் இன்ட் என்று தெரிந்தாலும், பைதானின் இன்ட்டுக்கு அளவு வரம்பு கிடையாது. 64 பிட்டுக்குள் அடங்குமா, அதைத் தாண்டி நீளுமா என்பது ஓடினால்தான் தெரியும். அதனால் 'இன்ட்' என்று நிரூபித்த பிறகும் அது ஒற்றை இன்ஸ்ட்ரக்ஷன் ஆகாது. பெட்டி பெட்டியாகத்தான் இருக்கும்.

நிரூபிக்க முடியாவிட்டால் என்ன செய்வது? பந்தயம் கட்டுவது.

காலேஜ் கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் போனால் அண்ணன், "என்ன தம்பி, டீயா காபியா, சக்கரை எப்படி?" என்று கேட்பார். பத்து நாள் போனால் கேட்கவே மாட்டார். நீங்கள் ரோட்டைத் தாண்டும்போதே ஸ்ட்ராங் டீ, சக்கரை கம்மி, தயாராகிவிடும். நீங்கள் இனிமேல் வாழ்நாள் முழுக்க டீதான் குடிப்பீர்கள் என்று அவருக்கு யாரும் நிரூபிக்கவில்லை. அது ஒரு பந்தயம். என்றைக்காவது நீங்கள் "இன்னைக்கு பால் போதும்ணே" என்றால் அந்த டீயை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, பழையபடி கேட்டுப் போடுவார். நஷ்டம் ஒரு தடவைதான்.

1984-ல் பீட்டர் டாய்ச்சும் ஆலன் ஷிஃப்மனும் ஸ்மால்டாக் லாங்குவேஜுக்குச் செய்தது இதுதான். இன்லைன் கேஷ் என்று பெயர். புரோகிராமின் ஒரு குறிப்பிட்ட வரிக்குப் போன தடவை எந்த டைப் வந்ததோ, பெரும்பாலும் அடுத்த தடவையும் அதே டைப்தான் வருகிறது. அதனால் அந்த வரியிலேயே போன தடவை கிடைத்த பதிலை எழுதி வைத்துவிடு. அடுத்த தடவை "அதே டைப்தானே?" என்று ஒரு சின்ன செக் மட்டும்.

அதன்பிறகு டேவிட் உங்கரும் ராண்டால் ஸ்மித்தும் வடிவமைத்த செல்ஃப் என்ற லாங்குவேஜ் வந்தது. அதில் கிளாஸ்கூடக் கிடையாது, டைப் எழுதுகிற பேச்சுக்கே இடமில்லை. அதை வேகமாக்கத்தான் கிரெய்க் சேம்பர்ஸ், உர்ஸ் ஹோல்ஸ்லே போன்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஒரு வரிக்கு ரெண்டு மூன்று டைப் மாறி மாறி வந்தால் அத்தனையையும் நினைவில் வைத்துக்கொள்ளும் பாலிமார்ஃபிக் இன்லைன் கேஷ் 1991-ல் வந்தது. டீக்கடை அண்ணன் உங்கள் திங்கள் டீயையும் வெள்ளிக்கிழமை காபியையும் நினைவில் வைத்திருப்பது மாதிரி.

இந்தக் குடும்பத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்ட்ராங்டாக். அது ஸ்மால்டாக்கோடு டைப்பையும் சேர்த்தது. வேண்டுமென்றால் எழுதலாம், வேண்டாமென்றால் விடலாம், இன்றைய பைதான் டைப் ஹின்ட் மாதிரியே. அதன் விர்ச்சுவல் மெஷினும் அந்தக் காலத்துக்கு அசாத்திய வேகம். ஆனால் அந்த மெஷின், நீங்கள் எழுதிய டைப்பை வேகத்துக்காகத் தொடவே இல்லை! வேகம் வந்தது முழுக்க ஓடும்போது கவனித்துத் தெரிந்துகொண்ட டைப்பிலிருந்து. எழுதிய டைப் மனிதர்கள் தப்பு கண்டுபிடிக்க மட்டும். என் நண்பனுக்கு அந்த ரெண்டு ராத்திரிக்கு முன்னாடி இதை யாராவது சொல்லியிருக்கலாம். அந்த ஸ்ட்ராங்டாக் டீமின் கம்பெனியை 1997-ல் சன் வாங்கியது, அவர்கள் கை பட்டதுதான் ஜாவாவின் ஹாட்ஸ்பாட். அதே டீமில் இருந்த லார்ஸ் பாக்தான் பிறகு கூகுளுக்காக வி8 எஞ்சினைச் செய்தார். 2008-ல் குரோமோடு அது வந்தது. இன்று உங்கள் போனில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வேகத்துக்கு வேர் எங்கே இருக்கிறது, பாருங்கள்.

நிரூபணமா பந்தயமா என்கிற இந்தச் சண்டையில் ஃபயர்ஃபாக்ஸின் கதை தனி. 2011 டிசம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 9-ல் பிரையன் ஹேக்கெட் உருவாக்கிய டைப் இன்ஃபரன்ஸைச் சேர்த்தார்கள். புரோகிராம் முழுவதையும் பார்த்து எந்த இடத்தில் என்னென்ன டைப் வரலாம் என்று கணக்கு வைத்துக்கொள்வது, முடியாத இடத்தில் ரன்டைமில் கவனித்துச் சேர்த்துக்கொள்வது என்று ரெண்டும் கலந்த முறை. 2012-ல் பிஎல்டிஐ மாநாட்டில் பேப்பராகவும் வந்தது. அப்போது அது பெரிய வெற்றி. ஒன்பது வருடம் கழித்து, 2020 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 83-ல் வார்ப் என்ற புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது, அதே டைப் இன்ஃபரன்ஸை ஒதுக்கிவிட்டார்கள். இனிமேல் இன்லைன் கேஷில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து முடிவெடுப்போம் என்றார்கள். கூகுள் டாக்ஸ் திறக்கிற நேரத்தில் 20 சதவீத முன்னேற்றம் என்று மொசில்லாவே எழுதியது.

நல்லா இருந்த ஒன்றை ஏன் தூக்கணும்? கணக்கு வைப்பதற்கே செலவு ஆகிறது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் எந்த டைப் வந்தது என்று பதிவேடு எழுத மெமரி வேணும், நேரம் வேணும். ஒரு வெப் பேஜில் பெரும்பாலான கோடு ஓரிரு தடவை ஓடிவிட்டு முடிந்துவிடும். ஓரிரு தடவை ஓடுகிற கோடுக்கு இவ்வளவு ஜாதகம் எழுதுவது வீண். சில பழைய பெஞ்ச்மார்க்குகளில் வார்ப் பின்தங்கியது, அதையும் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பெஞ்ச்மார்க்கில் தோற்றாலும் பரவாயில்லை, உண்மையான பேஜில் ஜெயித்தால் போதும் என்று முடிவெடுக்க ஒரு தைரியம் வேணும்.

அதற்காக முன்கூட்டியே செய்யும் அனுமானம் செத்துப்போச்சு என்று நினைக்க வேண்டாம். ஜூலியா இருக்கிறது. 2012-ல் வெளிவந்த லாங்குவேஜ். பார்க்க பைதான் மாதிரி, டைப் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் ஒரு ஃபங்ஷனை முதன்முதலாகக் கூப்பிடும்போது, கொடுத்த மதிப்புகளின் டைப்பைப் பார்த்து, அங்கிருந்து உள்ளே ஒவ்வொரு வரியாக டைப்பை அனுமானித்துக்கொண்டே போய், அந்த டைப்புக்கென்றே தனி மெஷின் கோடு தயாரிக்கிறது. அனுமானம் நடுவில் அறுந்துபோகாமல் கடைசிவரை போனால், சி-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும் வேகம். அறுந்துபோனால் மெதுவாகிவிடும். எங்கே அறுந்தது என்று காட்டவே 'கோடு வார்ன்டைப்' என்று ஒரு வசதி உண்டு. தெளிவில்லாத டைப்பைச் சிவப்பில் போட்டுக் காட்டும். ஜூலியா ஆட்கள் இதை டைப் ஸ்டெபிலிட்டி என்பார்கள். கொடுக்கும் மதிப்புகளின் டைப்பை மட்டும் வைத்து, திரும்பி வருவதன் டைப்பைச் சொல்லிவிட முடியுமா? முடிந்தால் அது ஸ்டேபிள். ஒரு நேரம் எண்ணும் இன்னொரு நேரம் ஸ்ட்ரிங்கும் திருப்பித் தருகிற ஃபங்ஷன் ஸ்டேபிள் இல்லை.

பைதானும் சும்மா இல்லை. 2022 அக்டோபரில் வந்த 3.11-ல் இன்டர்பிரெட்டருக்குள்ளேயே டீக்கடை அண்ணனைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு கூட்டல் வரி சில தடவை ஓடி, ரெண்டு பக்கமும் இன்ட்டாகவே வந்தால், அந்தப் பைட்கோடு தன்னைத்தானே 'இன்ட் கூட்டல்' என்று மாற்றி எழுதிக்கொள்ளும். ரெண்டும் ஃப்ளோட் என்றால் 'ஃப்ளோட் கூட்டல்'. பந்தயம் தோற்றால் பொதுவான கூட்டலுக்குத் திரும்பிவிடும். இதோடு வேறு சில மாற்றங்களும் சேர்ந்து, 3.10-ஐ விட சராசரியாக 1.25 மடங்கு வேகம் என்பது அவர்கள் கொடுத்த கணக்கு. இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். 'டிஸ்' மாட்யூலில் 'அடாப்டிவ்' என்பதை ட்ரூ என்று வைத்து, ஏற்கெனவே பல தடவை ஓடிய ஃபங்ஷனைப் பிரித்துப் பாருங்கள். எந்த வரி மாறியிருக்கிறது, எது மாறாமல் முழிக்கிறது என்று தெரியும். 3.11-ல் ஒரு பக்கம் இன்ட், இன்னொரு பக்கம் ஃப்ளோட் என்றால் அந்தச் சிறப்புக் கூட்டல் கிடைக்காது. 'விலை' 100 என்று இன்ட்டாகவும் 'வரி' 5.5 என்று ஃப்ளோட்டாகவும் இருந்தால் விசாரணை தொடரும். விலையை 100.0 என்று எழுதினால் வழி திறக்கும்!

இனி டைப் ஹின்ட்டுக்கு வருவோம். 2015-ல் பைதான் 3.5-ல் வந்தது. சாதாரண பைதான் அதை வேகத்துக்குப் பயன்படுத்துவதில்லை, சரியா தப்பா என்றும் பார்ப்பதில்லை. 'இது ஃப்ளோட் லிஸ்ட்' என்று எழுதிவிட்டு உள்ளே உங்கள் பாட்டி பெயரைப் போட்டாலும் ஓடும். விதிவிலக்கு இருக்கு, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மைபைசி என்ற கம்பைலர் ஹின்ட்டை நம்பி சி கோடாக மாற்றித் தரும். மைபை டூலையே அப்படி கம்பைல் செய்ததில் சுமார் 4 மடங்கு வேகம் வந்தது. அங்கே ஹின்ட் பொய் சொன்னால் ரன்டைமில் எரர் வரும். அதாவது ஹின்ட்டை நம்புகிற, நம்பியதைச் சரிபார்க்கிற ஒருத்தர் நடுவில் இருந்தால்தான் அது வேகமாக மாறும். வெறுமனே எழுதி வைத்தால் அது மனிதர்கள் படிக்க ஒரு குறிப்பு. ப்ராஜெக்ட்டை ஜூனியரிடம் கொடுக்கும்போது அந்தக் குறிப்பு பெரிய உதவிதான், மறுக்கவில்லை.

எங்கள் மீட்டர் கதைக்குத் திரும்புகிறேன். நான் அந்த முக்கிய லூப்பை நம்பாவில் ஓட்டிப் பார்த்தேன். நம்பாவும் ஜூலியா மாதிரியே, உள்ளே வரும் மதிப்பின் டைப்பிலிருந்து அனுமானித்து எல்எல்விஎம் வழியாக மெஷின் கோடு செய்யும் கருவி. முதல் ரன்னிலேயே எரர். லிஸ்ட்டில் ஃப்ளோட்டும் ஸ்ட்ரிங்கும் கலந்து கிடக்கிறது, என்னால் பிரிக்க முடியாது என்றது. எங்கள் லிஸ்ட்டில் ஸ்ட்ரிங்கா? தேடினோம். மீட்டர் ரீடிங் வராத நிமிடங்களில் யாரோ '-' என்று ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் கோடிலும் லூப்புக்கு நடுவே "இது கோடா இல்லையா" என்று பார்க்கிற ஒரு இஃப் இருந்தது. அதை எழுதியது நான்தான். என் நண்பன் அந்த லிஸ்ட்டுக்கு 'ஃப்ளோட் லிஸ்ட்' என்று ஹின்ட் போட்டிருந்தான். பைதான் ஒன்றும் சொல்லவில்லை. நம்பாதான் முதன்முதலில் உண்மையைச் சொன்னது.

ஃபைலைப் படிக்கும்போதே '-' எல்லாவற்றையும் 'நேன்' ஆக மாற்றினோம். 'எண் இல்லை' என்பதுதான் அதன் பெயர், ஆனால் அதன் டைப் ஃப்ளோட்! இப்போது லிஸ்ட்டுக்குப் பதிலாக நம்பை அரே, முழுக்க ஒரே டைப். லூப்பில் ஒரு வரிதான் மாறியது, அந்த இஃப் 'நேன்' ஆ என்று கேட்க ஆரம்பித்தது. நம்பா அமைதியாக ஏற்றுக்கொண்டது. கேன்டீன் போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ரிசல்ட் வந்திருந்தது. சி++-ல் ஒரு வரிகூட எழுதவில்லை.

இதைச் சொன்னால் கிளாஸில் ஒரு கேள்வி வரும். "ஒரு வேரியபிளுக்கு ஒரே டைப்தான் வைக்கணும்னா, அப்புறம் எதுக்குடா டைனமிக் லாங்குவேஜ்? நேரா சி++-லயே எழுதிடலாமே?" நியாயமான கேள்வி. என் பதில்: சுதந்திரம் எல்லா இடத்திலும் தேவைப்படுவதில்லை. ஃபைல் படிக்கிற இடம், யூசர் எதையாவது டைப் பண்ணுகிற இடம், புது ஐடியாவை அரை மணி நேரத்தில் முயன்று பார்க்கிற இடம், அங்கெல்லாம் அது வேணும். 10 லட்சம் தடவை சுற்றுகிற உள் லூப்பில் அந்தச் சுதந்திரத்தை யாரும் பயன்படுத்துவதே இல்லை, ஆனால் விலை மட்டும் கொடுக்கிறோம். வாசலில் எல்லாரையும் உள்ளே விடுங்கள், சமையலறைக்குள் போகும்போது பிரித்து அனுப்புங்கள்.

டைப் மட்டுமே எல்லாம் என்றும் நான் சொல்லவில்லை. ஓ-என்-ஸ்கொயர் லூப்பை எந்த அனுமானமும் காப்பாற்றாது. ஜிட் சூடாகவே நேரம் பிடிக்கும், அரை செகண்ட் ஸ்கிரிப்ட்டுக்கு அது வீண். மெமரி கம்மியான எம்பெடட் போர்டில் வேலை என்றால் சி-தான், பேச்சே இல்லை.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான். வி8-ல் முழு எண்கள் மட்டும் இருக்கும் அரேக்கு ஒரு உள் வடிவம். ஒரே ஒரு 4.5-ஐ உள்ளே தள்ளினால் தசம எண் வடிவத்துக்கு மாறும். ஒரு ஸ்ட்ரிங்கைத் தள்ளினால் எதுவும் வரலாம் என்கிற பொது வடிவம். பிறகு அந்த ஸ்ட்ரிங்கை எடுத்துவிட்டாலும் அரே பழைய வடிவத்துக்குத் திரும்பாது. ஒரு ஆப்ஜெக்ட்டில் பெயர், வயது என்ற வரிசையிலும் இன்னொன்றில் வயது, பெயர் என்ற வரிசையிலும் சேர்த்தால் எஞ்சினுக்கு அவை ரெண்டு வேறு வடிவங்கள். நமக்கு ஒன்றுதான். இன்டர்ன்ஷிப்பில் ரியாக்ட் எழுதப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால் நல்லது, உயிர் போகிற விஷயம் இல்லை.

என் கோபமெல்லாம் "பைதான் ஸ்லோ, சி++-க்கு மாத்து" என்ற அந்த ஒரு வரி மீதுதான். அது பதில் மாதிரி தெரிகிறது, ஆனால் கேள்வியை மூடிவிடுகிறது. எந்த வரி மெதுவாக இருக்கிறது, அங்கே எத்தனை டைப் வந்து போகிறது என்று யாரும் கேட்கவில்லை. கம்பைலர் டிசைன் பேப்பரில் டைப் செக்கிங் படித்துவிட்டு வருகிறோம், பைதான் லேபில் பைதான் எழுதுகிறோம். ரெண்டுக்கும் நடுவே ஒரு கதவு இருப்பதாக யாரும் காட்டவில்லை. லேபில் ஒரே ஒரு பயிற்சி வைத்தால் போதும்: ஒரு ஃபங்ஷனுக்கு முழுக்க இன்ட், முழுக்க ஃப்ளோட், ரெண்டும் கலந்து என்று மூன்று விதமாகக் கொடுத்து, 'டிஸ்' போட்டுப் பார்த்து, நேரத்தையும் அளந்து ரெக்கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை. பாண்டாஸ் பயன்படுத்துகிறவர்கள் ஃபைலைப் படித்ததும் 'டிடைப்ஸ்' பார்க்கிற பழக்கத்தை இன்றே தொடங்கலாம். ஃப்ளோட் 64 என்று வரவேண்டிய காலத்தில் வேறு ஏதாவது இருந்தால், உங்கள் டேட்டாவிலும் எங்கோ ஒரு '-' உட்கார்ந்திருக்கு.

அடுத்த ரிவ்யூவில் ரிசல்ட்டைக் காட்டினோம். "பாத்தீங்களா, சி++-க்கு மாத்தினதும் எப்படி ஓடுது" என்றார். நண்பன் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை "ஓகே சார்" சொல்லவில்லை. லேப்டாப்பைத் திருப்பி, அந்த '-' இருந்த பழைய ஃபைலைத் திறந்து காட்ட ஆரம்பித்தான்.